நடுப்படியில் நிற்க மறுத்த வீடு



சனத்நகரில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் எட்டுப் போர்ஷன்கள் உள்ளன. தண்ணீர்க் குழாய் ஒன்றுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் நீர் வரும். குழாயடியில் குடங்கள் வரிசையாய் நிற்கும். பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்த நாம், இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் காலூன்றுவதற்கு எத்தனை பாடுபட்டோம் என்பதை நீங்களும் அறிவீர்கள். 'அரவவாடு' என்று ஒதுக்கப்பட்ட நாட்கள் உண்டு. வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோது மொழியைக் கேட்டவுடன் கதவு சாத்தப்பட்ட நாட்களும் உண்டு.

கடந்த மழைக்காலத்தில் எங்கள் காம்பவுண்டின் மாடியிலுள்ள தகரக் கூரை அறைக்கு ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள் நால்வர் குடிவந்தார்கள். பட்டறையில் வேலை செய்கிறவர்கள். மற்றவர்கள் எல்லாரும் பிடித்து முடித்த பின்பே அவர்கள் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று காம்பவுண்டில் பேசி முடிவு செய்தார்கள். அந்தப் பேச்சு நடந்தபோது நானும் அங்கே இருந்தேன். ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. எங்கள் குடம் மூன்றாவதாக இருந்தது.

சில வாரங்களுக்குப் பின் பக்கத்துப் போர்ஷன் பையன் என்னிடம் வந்தான். ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறவன். "தாத்தா, வெளிநாட்டில் போய் உரிமைக்காகப் போராடிய இந்தியரைப் பற்றிப் பள்ளியில் பேச வேண்டும். எல்லாரும் காந்தியைப் பற்றியே எழுதுகிறார்கள். வேறு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டான். நான் அவனுக்குச் சொன்ன வரலாற்றையே இம்மாதம் உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். அதைச் சொல்லி முடித்தபோது அவன் என்னிடம் கேட்ட கேள்வியைக் கடைசியில் சொல்கிறேன்.

பாட்டனார்: தம்பி நாயுடு

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதன்பின் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் சென்றார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள். ஒப்பந்தம் முடிந்த பின் அங்கேயே தங்க விரும்பியவர்கள் தலைக்கு ஆண்டொன்றுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டியிருந்தது. ஏழைக் கூலிக்கு அது பல மாதச் சம்பளம்.

கோவிந்தசாமி கிருஷ்ணசாமி தம்பி நாயுடு 1875-ல் மொரீசியஸ் தீவில் பிறந்தவர். சென்னை மாகாணத்திலிருந்து அங்கே குடியேறிய பெற்றோரின் மகன். பெயரிலேயே தமிழ் ஒரு பாதியும் தெலுங்கு ஒரு பாதியுமாய் இருப்பதைப் பாருங்கள்! ஐதராபாத்தில் வாழ்கிற நமக்கு அவர் அந்நியரல்லர். இளமையிலேயே தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, ஜோகன்னஸ்பர்க்கில் வணிகம் செய்தார். பின்னாளில் அந்நகரின் தமிழ் நலச் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார்.

1907-ல் டிரான்ஸ்வால் அரசு, ஆசியர் ஒவ்வொருவரும் விரல் ரேகை பதித்துப் பதிவுச் சீட்டு பெற வேண்டும் என்று சட்டம் செய்தது. குற்றவாளிகளைப் போல் எங்களை நடத்தாதீர்கள் என்று காந்தியடிகள் தலைமையில் மக்கள் மறுத்தார்கள். முதல் வரிசையில் நின்றவர் தம்பி நாயுடு. 1908 பிப்ரவரி 10-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் தெருவில் சிலர் காந்தியடிகளைத் தாக்கியபோது, அவர்மேல் விழுந்த அடிகளைத் தடுக்க முற்பட்டு அடிபட்டவரும் இவரே. அப்போராட்டக் காலத்தில் பத்துக்கும் மேற்பட்ட முறை சிறை சென்றார். வணிகம் குலைந்தது; ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை.

அவர் மனைவி வீரம்மாளும் வீட்டோடு இருந்துவிடவில்லை. 1913-ல் டிரான்ஸ்வாலைச் சேர்ந்த 11 பெண்கள் சட்டத்தை மீறி நேட்டாலுக்குள் சென்று, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம், 3 பவுன் வரி நீங்கும்வரை வேலைக்குப் போகாதீர்கள் என்று வேண்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். வீரம்மாள் அவர்களில் ஒருவர். அக்டோபரில் அவர்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. அதே போராட்டத்தில் சிறை சென்று காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-ல், தன் பதினாறாம் பிறந்த நாளன்று உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் அறிவோம். வீரம்மாளின் பெயரையோ நம்மில் பலர் கேள்விப்பட்டதேயில்லை. 1914-ல் அந்த வரி நீக்கப்பட்டது.

தந்தையும் தாயும்

தம்பி நாயுடு தம்பதியர் தங்கள் புதல்வர் நால்வரைக் காந்தியடிகளின் பொறுப்பில் ஒப்புவித்தார்கள். 1914-ல் பீனிக்ஸ் குடியிருப்பின் பிள்ளைகளோடு அவர்களும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, தாகூரின் சாந்திநிகேதனத்திலும் தங்கினார்கள். அவர்களில் ஒருவர் 1901-ல் பிறந்த நாராயணசாமி. ராய் நாயுடு என்று அழைக்கப்பட்டவர். பல ஆண்டுகள் இந்தியாவில் வளர்ந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பிய அவர், தொழிற்சங்க வேலையிலும் டிரான்ஸ்வால் இந்தியர் காங்கிரசிலும் ஈடுபட்டார். 1908-ல் பிறந்த மனோன்மணி பிள்ளையை மணந்தார். அந்த அம்மையாரை ஊரார் எல்லாரும் 'அம்மா' என்றே அழைத்தார்கள். வெள்ளையரும் கறுப்பரும்கூட அப்படியே அழைத்தார்கள்.

1946-ல் இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரம்பு கட்டும் சட்டம் வந்தது. டர்பனில் டாக்டர் மான்டி நாயக்கரும் ஜோகன்னஸ்பர்க்கில் டாக்டர் யூசுப் தாதூவும் எதிர்ப்பு இயக்கத்தை நடத்தினார்கள். ஏறக்குறைய 2,000 பேர் சிறை சென்றார்கள். ராய் நாயுடுவும் அம்மாவும் அவர்களில் இருந்தனர். அவர்களுக்குப் பிள்ளைகள் ஐவர். சாந்தி, இந்திரஸ், மூர்த்தி, ராம்னி, பிரேமா என்பன அவர்களின் பெயர்கள். சிறை என்பது தங்கள் வீட்டில் அவமானமான சொல்லன்று என்பதை அவர்கள் குழந்தைப் பருவத்திலேயே கற்றுக்கொண்டார்கள்.

பேரன்: இந்திரஸ் நாயுடு

இந்திரஸ் 1936-ல் பிரிட்டோரியாவில் பிறந்தார். அவர் வளர்ந்தது ஜோகன்னஸ்பர்க்கின் டோர்ன்ஃபான்டீன் பகுதி, ராக்கி தெருவிலிருந்த வீட்டில். அந்த வீட்டின் கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது. நெல்சன் மண்டேலா உட்பட விடுதலை இயக்கத்தார் பலர் அங்கே வந்து அம்மாவின் கையால் சாப்பிட்டுச் சென்றார்கள். கறுப்பரும் இந்தியரும் ஒரே பந்தியில் அமருவது அந்நாட்டில் சாதாரணக் காரியமன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு 12 வயதாகும் முன்பே, 1948-ல், நிறவெறிக் கொள்கையுடைய கட்சி ஆட்சிக்கு வந்தது. 1950-ல் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, ஒவ்வொரு மனிதனையும் இனவாரியாகப் பதிவு செய்தது. மற்றொன்று, எந்த இனத்தார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று பிரித்தது. 1952 ஜூன் 26-ல் இச்சட்டங்களுக்கு எதிராக அறப்போராட்டம் தொடங்கியது. கறுப்பரும் இந்தியரும் இணைந்து வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதப்பட்ட வாயில்களில் நுழைந்து கைதானார்கள். சிறை சென்றவர்கள் 8,000-க்கும் மேற்பட்டோர். அடுத்த ஆண்டு, 1953-ல், ராய் நாயுடு காலமானார். விதவையான அம்மா பிள்ளைகளை வளர்த்ததோடு போராட்டத்தையும் விடவில்லை. 1956 ஆகஸ்டு 9-ல் பிரிட்டோரியா அரசு மாளிகைக்கு ஏறக்குறைய 20,000 பெண்கள் ஊர்வலமாய்ச் சென்றபோது அவரும் அதில் நடந்தார். அந்நடைக்குக் காரணம் கறுப்பினப் பெண்கள்மீது சுமத்தப்பட்ட அனுமதிச் சீட்டுச் சட்டம். இந்தியப் பெண்ணாகிய அம்மாவுக்கு அச்சீட்டு கிடையாது! தன்மேல் விழாத நுகத்துக்காக அவர் நடந்தார்.

இளைஞரான இந்திரஸ், டிரான்ஸ்வால் இந்திய இளைஞர் காங்கிரசில் ஊக்கமாய் உழைத்தார். 1960 மார்ச் 21-ல் ஷார்ப்வில் என்னுமிடத்தில் அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்கள்மேல் போலீசார் சுட்டு 69 பேர் மாண்டார்கள். அடுத்த மாதமே ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் தடை செய்யப்பட்டது. 1961 டிசம்பர் 16-ல் 'உம்கோன்டோ வெ சிஸ்வே', அதாவது 'தேசத்தின் ஈட்டி' என்னும் ஆயுதப் பிரிவு தோன்றியது. இந்திரஸ் அதில் சேர்ந்தார்.

இவ்விடத்தில் உங்கள் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும்பும். காந்தியடிகள்மேல் விழுந்த அடியைத் தாங்கிய மனிதரின் பேரன் வெடிமருந்தைக் கையில் எடுத்தது சரியா? நான் அவருக்கு வழக்கறிஞராய் எழுதவில்லை. அந்தப் பிரிவு தொடக்கத்தில் தண்டவாளம், மின்கம்பம், அரசு அலுவலகம் போன்றவற்றையே குறிவைத்தது. உயிர்ச்சேதம் கூடாது என்பது அதன் கட்டளையாய் இருந்தது. ஐம்பது ஆண்டுகளாக விண்ணப்பம், ஊர்வலம், சிறை என்று எல்லாக் கதவுகளையும் தட்டிய பின்பு, சுடப்பட்ட பிணங்களின் நடுவில் எடுக்கப்பட்ட முடிவு அது. நம்மில் ஒருவர் அதை ஏற்கலாம், மற்றொருவர் மறுக்கலாம். ஆனால் அந்த முடிவின் விலையை அவர் பிறர்மேல் சுமத்தவில்லை, தாமே செலுத்தினார்.

1963 ஏப்ரலில், ரெஜி வாண்டையார், சிரிஷ் நானாபாய் ஆகிய தோழரோடு இரயில்வே கருவிக் கொட்டகை ஒன்றில் வெடி வைத்தபோது போலீசார் காத்திருந்தார்கள். கூட இருந்த ஒருவனே காட்டிக்கொடுத்திருந்தான். இந்திரஸின் தோளில் குண்டு பாய்ந்தது. பின்பு மின்சாரம் பாய்ச்சிச் சித்திரவதை செய்தார்கள். மூவருக்கும் பத்துப் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவருக்கு வயது 26.

தீவில் ஒரு துண்டு ரொட்டி

கேப் டவுனுக்கு எதிரே கடலில் உள்ளது ராபன் தீவு. அங்கே இந்திரஸ், 885/63 என்ற எண்ணானார். கல்லுடைப்பும் குளிரும் அடியுமாய்ப் பத்து ஆண்டுகள் கழிந்தன. அவற்றை அவர் சொல்லச் சொல்ல வழக்கறிஞர் ஆல்பி சாக்ஸ் எழுதிய நூல் 1982-ல் வெளிவந்தது.

அச்சிறையில் ஒரு காரியத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரே குற்றத்துக்கு ஒரே தண்டனை பெற்று, ஒரே கல்லை உடைக்கிற கைதிகளுக்குச் சாப்பாடு ஒன்றாயில்லை. இந்தியருக்கும் கலப்பினத்தாருக்கும் ரொட்டி உண்டு. கறுப்பருக்கு ரொட்டி கிடையாது, மக்காச்சோளக் கூழே உண்டு. இந்தியருக்கு முழுக்கால் சட்டை. கறுப்பருக்கு, நரைத்த தலையுள்ள பெரியவரானாலும், பள்ளிச் சிறுவனைப் போல் அரைக்கால் சட்டை. மண்டேலாவுக்கும் முதலில் அதுவே கொடுக்கப்பட்டது.

ஏன் இப்படிச் செய்தார்கள்? இரக்கத்தினால் அல்ல. ஏணியில் மேற்படி வெள்ளையருக்கு, அடிப்படி கறுப்பருக்கு, நடுப்படி இந்தியருக்கு. நடுப்படியில் நிற்கிறவன் மேலே நிற்கிறவன்மேல் கோபப்படுவதைக் காட்டிலும், கீழே இருக்கிறவன் ஏறி வந்துவிடுவானோ என்றே அதிகமாய் அஞ்சுவான். ஒரு துண்டு ரொட்டியும் இரண்டு முழத் துணியும் அந்த அச்சத்தை விலைக்கு வாங்கப் போதும் என்று ஆட்சியாளர் எண்ணினார்கள்.

எல்லா இனத்தாருக்கும் ஒரே உணவு, ஒரே உடை என்று அரசியல் கைதிகள் பல ஆண்டுகள் போராடினார்கள். வெளியேயும் அதே வலை விரிக்கப்பட்டது. 1983-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் இந்தியருக்கென்று பாராளுமன்றத்தில் தனி அவை ஒன்றைத் தந்தது. பெரும்பான்மையரான கறுப்பருக்கு ஒன்றுமில்லை. 1984 ஆகஸ்டில் தேர்தல் நடந்தபோது, பதிவு செய்த இந்திய வாக்காளரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினரே வாக்களித்தார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்தபடியே அந்த ரொட்டித் துண்டை வேண்டாம் என்றார்கள்.

தமக்கையின் மௌனம்

இந்திரஸ் தீவில் இருந்தபோது, 1969 ஜூனில் அவர் தமக்கை சாந்தியைப் போலீசார் பிடித்துத் தனிமைச் சிறையில் அடைத்தார்கள். வின்னி மண்டேலா முதலானோர்மீது தொடுத்த வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சி சொன்னால் விடுவதாகக் கூறினார்கள். தூங்கவிடாமல் நாட்கணக்கில் நிற்கவைத்து விசாரித்தார்கள். டிசம்பரில் நீதிமன்றத்தில் ஏற்றப்பட்டபோது, குற்றவாளிக் கூண்டில் இருப்பவர்கள் தம் தோழிகள் என்றும், சாட்சி சொன்னால் தம் மனச்சாட்சியோடு தாம் வாழ முடியாது என்றும் சொல்லி மறுத்துவிட்டார். அதற்காக இரண்டு மாதத் தண்டனை. அவர் சிறையிலிருந்த காலம் மொத்தம் 371 நாட்கள்.

வாசகர்களே, நிறவெறிக்கு அக்காலத்தில் வேத ஆதாரம் காட்டிய சபைகளும் இருந்தன என்பதை நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். நம்மைப் போன்ற பெந்தெகொஸ்தே சபையாரும் விலக்கல்ல. அங்கே அப்போஸ்தல விசுவாச மிஷன் சபையின் ஊழியரான ஃபிராங்க் சிக்கானே, 1977-ல், தம் சொந்தச் சபையைச் சேர்ந்த வெள்ளை அதிகாரி ஒருவரின் மேற்பார்வையில் சித்திரவதை செய்யப்பட்டார். 1981-ல் அந்தச் சபையே அவரை இடைநீக்கம் செய்தது. இனவாரியாய்ப் பிரிந்து கிடந்த அச்சபை 1996-ல்தான் ஒன்றானது. அந்நியரை நடத்தும் விதத்தைக் குறித்து வேதம் என்ன கூறுகிறது என்று அறிந்தவர்களே அப்படிச் செய்தார்கள் என்றால், அறிவு மாத்திரம் நம்மைக் காப்பாற்றாது என்பது விளங்குகிறது.

1973-ல் விடுதலையான இந்திரஸ், வீட்டுக் காவலுக்கும் தடை உத்தரவுக்கும் உட்பட்டு வாழ்ந்து, 1977-ல் நாட்டை விட்டு வெளியேறினார். மொசாம்பிக்கிலும் பிற நாடுகளிலும் இயக்கப் பணி செய்தார். மண்டேலா 1990-ல் விடுதலையான பின்பு தாயகம் திரும்பினார். அம்மா 1993-ல் காலமானார். எல்லா இனத்தாரும் வாக்களித்த முதல் தேர்தல் அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடந்தது. வாழ்நாளெல்லாம் எதிர்நோக்கிய அந்த நாளை அவர் காணவில்லை. மகன் இந்திரஸ் அதே 1994-ல் மேலவை உறுப்பினரானார். 2016 ஜனவரியில் அவரும் மறைந்தார்.

மூன்று தலைமுறைகளையும் சேர்த்துப் பாருங்கள். பாட்டனார் இந்தியருக்காகப் போராடினார்; அக்காலத்தில் அவர்கள் கண்ணுக்குக் கறுப்பரின் துன்பம் அவ்வளவாய்த் தெரியவில்லை. தந்தையின் காலத்தில் வாசல் சற்று அகலமாயிற்று. பிள்ளைகளோ எல்லாருக்காகவும் கொடுத்தார்கள். ஒரே குடும்பத்தில் 'நாம்' என்னும் சொல் வளர்ந்துகொண்டே போயிற்று.

பையனின் கேள்வி

இதையெல்லாம் அந்தப் பையனுக்குச் சொன்னேன். அவன் தன் நோட்டில் குறித்துக்கொண்டான். ரொட்டியின் செய்தியை இரண்டு முறை சொல்லச் சொன்னான். பின்பு பென்சிலை வைத்துவிட்டு, "தாத்தா, மாடியில் இருக்கிற அண்ணன்மார் ஏன் கடைசியில் தண்ணீர் பிடிக்கிறார்கள்?" என்று கேட்டான்.

அவன் என்னைக் குத்திக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. "அவர்கள் வேலைக்குப் பிந்திப் போகிறவர்கள்" என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய். நான் படுக்கையிலிருந்து எழும்பும் முன்பே அவர்கள் பட்டறைக்குப் புறப்பட்டிருப்பார்கள். தண்ணீருக்காக ஒருவன் மட்டும் சம்பளத்தை விட்டுக்கொண்டு நிற்பான்.

மறுநாள் மாலை காம்பவுண்டில் பேசினேன். "ஐயா, இத்தனை நாள் இல்லாமல் இப்போது என்ன?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "நாம் வந்த காலத்தில் நமக்கு யார் முறை கொடுத்தார்கள்?" என்றார். அந்தக் கேள்வி நியாயமானதுதான். நமக்கு யாரும் கொடுக்கவில்லை. அது எப்படி இருந்தது என்பது நமக்கு மறந்தா போயிற்று என்று மட்டும் கேட்டேன். கடைசியில், யார் குடம் முதலில் வைக்கிறார்களோ அவர்கள் முதலில் பிடிப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். எல்லாரும் மனமுவந்து ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஒரு வீட்டார் இன்னும் என்னோடு சரியாய்ப் பேசுவதில்லை. எங்கள் குடத்துக்குச் சில நாட்கள் ஏழாவது இடம் கிடைக்கிறது.

இந்திரஸ் நாயுடுவைப் போல் சிறை செல்ல நம்மை எவரும் அழைக்கவில்லை. ஆனால் குழாயடியிலும், வாடகை வீட்டிலும், வேலைத்தளத்திலும், ஏன், ஆராதனைக் கூடத்தின் பின்வரிசையிலும், நமக்குப் பின் வந்தவர்கள் இருக்கிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, நாம் அன்று விழித்ததைப் போலவே மொழி தெரியாமல் விழிக்கிறார்கள். அவர்களை நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்? நம் பிள்ளைகளின் காதில் அப்பெயர் விழுகிறதா?

இம்மாதம் குடும்பமாய் அமர்ந்து இதைப் பேசுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்டால் தடுக்காதீர்கள்.